சயாமாவின் கட்டை விரல்

செல்லக்கண்ணுவுக்கு வயிற்றெரிச்சல் புதிதாக வந்த வியாதி அல்ல. ஏழு வயதில் பெரியப்பா தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த சிவப்புக் குடையைப் பார்த்து அது ஆரம்பித்தது. இருபது வயதில் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனபோது முற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் கூரைமேல் சூரியத் தகடு ஏற்றிய அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதெல்லாம் அடுத்தவர்மேல் வந்த எரிச்சல். கட்டிய மனைவியைப் பார்த்தே ஐம்பத்தோரு வயதில் காதில் புகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அவருடைய தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்த்தவர். செல்லக்கண்ணு க்யிம்யிண்டைங் ஆற்றங்கரையில், மீன் படகுகள் வந்து சரக்கு இறக்கும் துறையில், இருபத்துநான்கு வருடமாக எடை போடுகிறார். கூடைக்கு அடியில் கால் பெருவிரலைக் கொடுத்து எடையைக் குறைக்கிற வியாபாரி, ஈரக் கோணியை மறந்த மாதிரி உள்ளே விடுகிற படகுக்காரன், யாரும் அவரிடம் தப்ப முடியாது. கடல்காரனும் கரைக்காரனும் சண்டை போட்டுக்கொண்டால், "கண்ணு அண்ணன் பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை ஓங்குவார்கள். தன் கண்மேல் அவருக்கு அவ்வளவு கர்வம்.

புஷ்பலதா அதே துறையில் மீன் பிரிப்பவள். குட்டி முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, குவியலிலிருந்து வகை வகையாகப் பிரித்துப் போடுவாள். சினை உள்ளது தனி, தோல் உரிந்தது தனி, மிருதுவாகிப்போனது தனி. ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருப்பாள். கை தன் பாட்டுக்கு ஓடும். அந்தக் கையைப் பார்த்துத்தான் செல்லக்கண்ணு பெண் கேட்டுப் போனார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஒரே மகள் ஷ்வேப்யிதாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

செல்லக்கண்ணுவுக்கு ஒரு ராசி உண்டு, அதைப் பற்றி எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார். வீட்டில் கெண்டைக் குழம்பு வைத்தால் சினைத் துண்டு எப்போதும் அவர் தட்டில்தான் விழும். விருந்தாளி நாலு பேர் பந்தியில் இருந்தாலும் விழும். "நம்ம ராசி அப்படி, சட்டிக்குள்ள கை விட்டா நமக்குன்னு எழுதினது வந்துடும்" என்பார். புஷ்பலதா மறுத்துப் பேசியதில்லை. அவள் கரண்டி பிடிக்காமல் விரலால் துண்டெடுத்து வைக்கிற பழக்கக்காரி.

போன மழைக்காலம் முடிந்த கையோடு மீன்துறை அதிகாரி ஊ சோ தின் துறைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனிதர். எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு பெரிய படத்தை விரித்தார். நம் ஆட்கள் வலை போடுகிற கடலைத் தாண்டி, தரை சட்டென்று இறங்குகிற இடத்தில், இருநூறு ஆள் உயரத்துக்கும் கீழே, வெயிலே எட்டாத ஆழத்தில் ரோஜா நிறத்தில் ஒரு இறால் இருக்கிறது. இத்தனை நாள் யாரும் அங்கே வலை விட்டதில்லை. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். எத்தனை இருக்கிறது, எத்தனை வருடத்தில் வளர்கிறது என்று யாருக்கும் தெரியாது. குளிர்ந்த ஆழத்தில் எல்லாம் மெதுவாகத்தான் வளரும்; அவசரப்பட்டு வாரினால் மூன்றே வருடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மூன்று வருடம் சோதனை. நாலே நாலு படகுக்கு அனுமதி. இந்த ஒரு துறையில்தான் இறக்க வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில்.

அதோடு முக்கியமான விதி ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு படகிலிருந்தும் நூறு இறாலை மாதிரியாக எடுத்துப் பார்க்க வேண்டும். நூற்றில் இருபதுக்கு மேல் முட்டை சுமந்திருந்தால், அந்தப் படகு வலை போட்ட இடத்தை ஒரு மாதம் மூடிவிட வேண்டும். நாலு படகும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

மாதிரி எடுத்துப் பார்க்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்றார்.

அந்த ஆள் தான்தான் என்பதில் செல்லக்கண்ணுவுக்குச் சந்தேகமே வரவில்லை. பத்தாவது படித்தவர். பர்மியக் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரே ஒரு விண்ணப்பம் வந்தால் தேர்வு நடத்த மாட்டார்கள் என்று யாரோ சொன்னதால், பேருக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று புஷ்பலதாவின் படிவத்தையும் அவரே உட்கார்ந்து நிரப்பினார். "படிப்பு" என்ற இடத்தில் "ஐந்தாம் வகுப்பு" என்று எழுதும்போது அவருக்கு உள்ளூர ஒரு சிரிப்பு.

ஊ சோ தின் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு தட்டு நிறைய இறாலைக் கொட்டி, ஆண், பெண், சினை, ஓடு மாற்றியது என்று பிரிக்கச் சொன்னார். செல்லக்கண்ணு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பிரித்தார், ஏழு தப்பு. புஷ்பலதாவிடம் அதிகாரி எப்படிப் பிரிக்க வேண்டும் என்று விளக்கி முடிப்பதற்குள் தட்டு காலி. ஒரு தப்பும் இல்லை.

அவளுக்குப் பச்சை மேல்சட்டை கொடுத்தார்கள். படம் ஒட்டிய அடையாள அட்டை, இறால் நீளம் பார்க்க எஃகு அளவுகோல், தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி, எண்ணிக்கை எழுத அட்டை. மீன் பிரிக்கிற பெண்கள் கையுறை போட மாட்டார்கள், போட்டால் கை குருடாகிவிடும் என்பார்கள். கையுறை போட வேண்டும் என்று விதித் தாளில் இருக்கத்தான் செய்தது. சுத்தத்துக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவள் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து செல்லக்கண்ணுவின் கஷ்டகாலம் தொடங்கியது. நாலு படகில் இரண்டு அப்துல் சமதுவுடையது. பத்து வருடமாக "புஷ்பாக்கா, புஷ்பாக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனுஷன் இப்போது அவளைக் கண்டால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறான். "வாங்க சயாமா" என்கிறான். படித்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பர்மாவில் சொல்கிற மரியாதை அது. ஆணென்றால் சயா, பெண்ணென்றால் சயாமா. டீக்கடைக்காரன் "சயாமாவுக்கு ஒரு லபெயே" என்று குரல் கொடுத்து, பாலேடு மிதக்கிற டீக் கோப்பையை முதலில் அவளுக்கு வைக்கிறான். செல்லக்கண்ணுவுக்கு அதே பழைய "கோ கண்ணு"தான், வெறும் கண்ணு அண்ணன். இருபத்துநான்கு வருடம் தராசு பிடித்த ஆளை எவனும் சயா என்றதில்லை.

பொறுக்க முடியவில்லை. அவள் மேல்சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டால், அவர் தன் லுங்கியை அதற்கு முன்னால் இழுத்து மறைத்துப் போட்டார். அவள் கைபேசி அடித்தால் இவருக்கு இருமல் வந்தது. பபேடானில் கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு தெரிந்தவர் "உங்க வீட்டம்மா கவருமெண்டு வேலையாமே" என்று விசாரிக்க, "எறால் எண்ணுற வேலை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முதல் படகு வந்த காலையை அவர் மறக்க மாட்டார். எடை போட்ட கூடைகளில் மூன்றை ஊ சோ தின் காட்டினார். "பார்க்காமல் எடுங்கள். கைக்கு வந்தது வரட்டும்" என்றார். புஷ்பலதா நேர்மையானவள். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்து வலித்தும் திரும்பவில்லை. கையைக் கூடைக்குள் விட்டு ஒன்றொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள்.

தராசுக்குப் பக்கத்தில் நின்ற செல்லக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். விரல்கள் உள்ளே போயின. கட்டை விரல் ஓர் இறாலின் அடிவயிற்றை லேசாகத் தடவியது. விட்டுவிட்டது. இன்னொன்றைத் தடவியது. அதையும் விட்டது. மூன்றாவதைத் தடவியதும் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. வயிற்றில் முட்டைக் கொத்து. இருபத்துமூன்று வருடம் சினையைத் தேடியே பழகின விரல். பிரிக்கிறவர்கள், வாங்குகிறவர் கண்ணில் படும்படி கூடைக்கு முகம் வைப்பதற்காகச் சினையுள்ளதைத்தான் முதலில் பொறுக்கி மேலே அடுக்குவார்கள். கண்ணைக் கட்டினாலும் அந்த விரல் தன் வேலையைச் செய்யும். அவளுக்கே அது தெரியாது.

நூற்றில் இருபத்துநாலு.

"புஷ்பா, கையுறையைப் போடு" என்று சொன்னால் முடிந்தது. நாலு வார்த்தைகூட இல்லை. செல்லக்கண்ணு வாயைத் திறந்தார். அப்போது அப்துல் சமது, "சயாமா எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றான். செல்லக்கண்ணு வாயை மூடிக்கொண்டார். சின்னதாக ஒரு தடுமாற்றம் வரட்டும், சயாமாவும் தப்பு செய்கிற ஆள்தான் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று மட்டும் நினைத்தார். சத்தியமாக அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டாவது படகு இருபத்தேழு. மூன்றாவது இருபத்தைந்து. இடத்தை மூடிவிட்டார்கள். நாலு படகும் இன்னும் ஒரு நாள் தூரம் தள்ளிப் போய் வலை போட்டன. டீசல் கரைந்தது, சரக்கு பாதிதான். அந்தப் புது இடத்துச் சரக்கு வந்தபோதும் புஷ்பலதாவின் கணக்கு இருபத்திரண்டு. அதையும் மூடினால் படகுகள் போவதற்கு வேறு இடமே இல்லை, இந்த வருடச் சோதனை அத்தோடு நின்றுவிடும். அறுபது எழுபது பேர் வலையை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். அதனால் அதை மூடும் முன் இன்னொரு நடை சரக்கு வரட்டும் என்று அதிகாரி நிறுத்தி வைத்தார்.

துறையில் பேச்சு மாறியது. கடலில் வலை இழுக்கிறவனுக்குத் தெரியாதா எத்தனை சினை வருகிறது என்று? பத்துக்கு ஒன்றுதான் வருகிறது, இவளுக்கு மட்டும் எப்படி இருபத்தஞ்சு? வழக்கமான ஆழத்தில் மீன் பிடிக்கிற பெரிய முதலாளி எவனோ இந்தச் சோதனையை முடித்துக்கட்ட இவளுக்குக் கையில் காசு கொடுத்திருக்கிறான் என்றார்கள். அப்துல் சமது நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதை நிறுத்தினான். சயாமா போய்விட்டது, புஷ்பாக்காவும் திரும்பி வரவில்லை. டீக்கடையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து முக்காலிகள் காலியாயின.

செல்லக்கண்ணுவுக்கு முதல் இரண்டு நாள் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள் அவ்வளவு இனிக்கவில்லை. ஆனால் இனிமேல் எப்படிச் சொல்வது? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே.

அவள் வேறு மாதிரி கேட்டாள். ஒரு சாயங்காலம் மின்சாரம் போய் இருவரும் வாசற்படியில் காற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, நான் எடுக்கறதுல ஏதாச்சும் தப்பு இருக்கா? உங்க கண்ணுக்குத் தெரியாம ஒண்ணும் போவாதே. நீங்க பக்கத்துலதான நிக்கறீங்க. பாத்து சொல்லுங்களேன்."

எவ்வளவு நல்ல வாய்ப்பு. தானாக வந்து மடியில் விழுந்தது. அந்த நேரத்தில் அவர் கண் கொடியில் கிடந்த பச்சைச் சட்டைமேல் போய்த் தொலைந்தது.

"எனக்கென்ன தெரியும்? நான் எடைக்காரன். சயாமாவுக்கே புரியலன்னா எனக்கா புரியப்போவுது?"

அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அன்றும் கெண்டைக் குழம்பு. அன்றும் அவர் தட்டில் சினைத் துண்டு விழுந்தது. தன் ராசி இன்னும் கெடவில்லை என்று அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

படகுக்காரர்கள் எழுதிப் போட்ட புகாரோடு ஊ சோ தின் வியாழக்கிழமை காலை வந்தார். துறை முழுக்க ஆள் கூடிவிட்டது. அப்துல் சமதுவின் படகிலிருந்து இறங்கிய ஒரு கூடையை அதிகாரி தானே தேர்ந்தெடுத்தார், ஐந்து வீசைக் கூடை. முதலில் புஷ்பலதாவை நூறு எடுக்கச் சொன்னார். அவள் முகத்தை ஆற்றுக்குத் திருப்பி, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். இருபத்தாறு.

எடுத்ததையும் கூடையில் திரும்பப் போட்டு, மொத்தக் கூடையையும் தார்ப்பாயில் கொட்டி எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு இறால். முட்டை சுமந்தது நாற்பத்தைந்து. நூற்றுக்குப் பதினொன்றுகூட வரவில்லை.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "நான் சொன்னேன்ல" என்றான் அப்துல் சமது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். புஷ்பலதா கழுத்திலிருந்து அதைக் கழற்றும்போது கயிறு காதில் சிக்கிக்கொண்டது.

"நான் பாக்கல, சயா. சாமி மேல சத்தியமா பாக்கல. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வாங்கல." காதில் சிக்கின கயிற்றை எடுக்கத் தெரியாமல் நின்றாள்.

தன் மனைவியைத் திருடி என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. செல்லக்கண்ணு கேட்டது சின்னத் தடுமாற்றம்தான், இது இல்லை. தராசை விட்டு முன்னால் வந்துவிட்டார்.

"சயா, அவ கண்ணு பாக்கல. கட்டை விரல் பாக்குது."

யாருக்கும் விளங்கவில்லை. அவர் தார்ப்பாயில் குந்தி, ஓர் இறாலை எடுத்து அடிவயிற்றைத் தடவிக் காட்டினார். சினை இல்லாதது வழுவழுவென்று இருக்கும், விரல் விட்டுவிடும். சினை உள்ளது மணல் மாதிரி நெருடும், விரல் பிடித்துக்கொள்ளும். பிரிக்கிற கை அது, பாவம், சும்மா எடுக்கத் தெரியாது. "பையில கையுறை வெச்சிருக்கா. போட்டு எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

கூடையைத் திரும்ப நிரப்பினார்கள். புஷ்பலதா தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு எடுத்தாள். பன்னிரண்டு. இன்னொரு கூடை. பத்து. அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். அட்டையை அவள் கையிலேயே கொடுத்தார். அப்துல் சமது தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க சயாமா, வாய் தவறிப்போச்சு" என்றான். மூடிய இடத்தை உடனே திறந்துவிடும்படி தாளில் எழுதியாயிற்று.

ஊ சோ தின் செல்லக்கண்ணுவின் தோளில் கை வைத்தார். படித்த நாங்கள் யாரும் கவனிக்காததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்றார். எல்லார் கண்ணும் அவர்மேல். இருபத்துநான்கு வருடத்தில் அப்படி ஒரு நிமிஷம் அவருக்கு வாய்த்ததில்லை.

"எப்போது கண்டுபிடித்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"இப்போதுதான்" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யில் எல்லாமே அடங்கிப்போயிருக்கும். ஆனால் நெஞ்சு அவ்வளவு நிமிர்ந்திருக்கும்போது யாருக்கு அந்தப் பொய் வரும்?

"மொத நாளே, சயா. மொத படகுலயே பாத்துட்டேன். என் கண்ணுக்குத் தப்புமா?"

புஷ்பலதா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாதி கழற்றிய கை அப்படியே நின்றது. அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மீதியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தாள்.

அதிகாரி அங்கேயே முடிவு செய்தார். இனிமேல் மாதிரிக்கான இறாலைப் பிரிக்கத் தெரிந்த கை எடுக்கக் கூடாது. எடுப்பது செல்லக்கண்ணு, பார்த்து எண்ணுவது புஷ்பலதா. இன்னொரு பச்சைச் சட்டை வந்தது. அக்குளில் கொஞ்சம் இறுக்கம், இருந்தாலும் அவர் அதைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் துறையில் மேலும் கீழும் நடந்தார். டீக்கடைப் பக்கமாக இரண்டு தடவை போனார். ஒருத்தனும் சயா என்று கூப்பிடவில்லை. "சட்டை நல்லாருக்கு, கோ கண்ணு" என்றான் டீக்கடைக்காரன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் கெண்டை வாங்கினாள், புளி வாங்கினாள், மீன்காரியிடம் சிரித்துக்கூடப் பேசினாள். திட்டியிருந்தால் தேவலை. பதில் சொல்ல அவர் நாலைந்து வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தார், அவை அப்படியே தொண்டையில் கிடந்தன.

சட்டியை இறக்கினாள். மூடியைத் திறந்தபோது வந்த வாசனையிலேயே சினை மீன் என்று தெரிந்தது. மஞ்சள் மஞ்சளாக மேலே மிதந்தது. செல்லக்கண்ணு தட்டை முன்னால் நகர்த்தினார்.

புஷ்பலதா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த கரண்டியை எடுத்து வந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கரண்டியைச் சட்டியில் விட்டு, வந்ததை அள்ளி அவர் சோற்றில் ஊற்றினாள். ஒரு தலை, ஒரு வால், வெந்து குழைந்த ஒரு தக்காளித் தோல்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம், நாலு விருந்தாளிக்கு நடுவிலும் தவறாமல் வந்து விழுந்த ராசி எங்கே இருந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கரண்டிக் காம்பைப் பிடித்திருந்த அவளுடைய கட்டை விரலைப் பார்த்தார். அதில் குழம்பு ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, சயா?" என்று கேட்டாள் புஷ்பலதா.